வெள்ளைச் சட்டைகளுக்கு வைத்த மஞ்சள்

மச்சாள், பெட்டி வந்துவிட்டது.

அணியின் உடுப்புக்கும் கவசத்துக்கும் பந்துக்கும் பொறுப்பான தோத்தோ இன்று காலை அதை உருட்டிக்கொண்டு வந்து நம்முடைய தோய்க்கும் அறை வாசலில் நிறுத்தினான். நான் கத்தியால் நாடாவைக் கீறினேன். மூடி விரிந்ததும் அந்த மணம் வந்தது. கஞ்சியும் பிளாஸ்டிக்கும் கலந்த, இன்னும் ஒரு உடம்பும் தொடாத புதுத்துணி மணம். நீர் அதை முகர்ந்த உடனே தும்முவீர். தும்மல் கூடாத சகுனம் என்று நான் சொன்னால், "அது யாழ்ப்பாணத்திலை. இஞ்சை செல்லாது" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வீர். இன்று தும்ம ஆள் இல்லை.

பெட்டியை வைத்த தோத்தோ போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று, "ஜாலோ எங்கே?" என்று கேட்டான். ஜாலோ என்றால் மஞ்சள். அவன் கேட்டது நிறத்தை அல்ல. அலுமாரியின் மேல்தட்டில், பழைய ஒலிவ் காய்ப் போத்தலில் நீர் போட்டு வைத்த மஞ்சள் தூளைத்தான் கேட்டான்.

நான் சட்டைகளை எடுத்து அடுக்கினேன். என்ன சொல்ல? நீர் போய் இன்னும் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, முடியவில்லை. உம்முடைய அண்ணர், என்னுடைய மனுசன், தாடி வளர்த்தபடி ஜன்னலோரம் இருக்கிறார். நாங்கள் சாவுத் தீட்டு உள்ள துடக்குக்காரர். பரமேஸ் மாமி நேற்றே போன் எடுத்துச் சொல்லிவிட்டார். "பிள்ளை, முப்பத்தொண்டு முடியுமட்டும் புதுத்துணி, மஞ்சள், குங்குமம் ஒண்டிலையும் கை வைச்சிடாதை. உனக்குத் தெரியாததே?" பலெர்மோவில் எந்தத் தமிழ் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் சட்டம் சொல்லுகிற ஆள் அவர்தானே. முதல் ஆட்டமோ வருகிற ஞாயிறு. அந்தியேட்டி அதற்குப் பிறகு.

அதனால்தான் உமக்கு எழுதுகிறேன். இந்த விஷயத்தைக் கதைப்பதற்கு உம்மை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

இந்த அணி இந்த ஊருக்கு வந்த முதல் சீசன் நினைவிருக்கிறதா? வடக்கே ஒரு நகரத்தில் சம்பளத்துக்கு விளையாடிக்கொண்டிருந்த அணி. அங்கே மைதானம் கைவிட்டுப் போனதும் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கியது. இறங்கின ஊரைப் பாரும்! காலால் உதைக்கிற பந்துக்கு உயிரை விடுகிற பலெர்மோ. இங்கே வந்து ஹெல்மட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க விளையாட்டைக் காட்டினால் எவன் வந்து பார்ப்பான்? சுவர்களில் விளம்பரம் ஒட்டினார்கள். மறுநாள் அதன் மேலேயே ஆரோ ஒரு கோழிப் பொரியல் கடைக்காரன் தன் விளம்பரத்தை ஒட்டினான்.

நான் துப்புரவு செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் தம்பிதான் தோத்தோ. அணிக்கு உடுப்புத் தோய்க்க இரண்டு பேர் வேண்டும், தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டான். நின்ற நிலையிலேயே, நானும் என் மச்சாளும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். உம்மைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசிக்கவேண்டும் என்பீர். நீர் யோசித்து முடியச் சீசனும் முடிந்திருக்கும்.

வன்னியில் கணவரைப் பறிகொடுத்துவிட்டுத் தனி ஆளாய் இந்த ஊருக்கு வந்த நாள் தொடங்கி நீர் பார்த்ததெல்லாம் வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்க்கிற வேலை. ஒரு சிஞ்ஞோரா கண்ணை மூடினால் அடுத்த சிஞ்ஞோரா. உம்முடைய கட்டில் எப்போதும் அவர்களுடைய கட்டிலுக்குப் பக்கத்தில். மணி அடித்தால் எழும்ப வேண்டும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் ஒரு சின்னப் பையோடு ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு வருவீர். அந்தப் பையை ஒரு தரமாவது முழுக்கப் பிரித்து வைத்ததை நான் காணவில்லை.

தோத்தோ நமக்கு ஆளுக்கொரு திறப்புத் தந்தான். நீர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தீர். பெரிய மெஷின்கள், நீளமான மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி, உயரத்தில் ஒரு ஜன்னல்.

"மச்சாள், இந்தக் கதவை நாங்கள்தான் பூட்டுறதோ?"

"ஓம். திறக்கிறதும் நாங்கள்தான்."

"இடையிலை ஆரும் கூப்பிட மாட்டினமோ?"

"கூப்பிட்டாலும் நான் இருக்கிறன், நீர் உம்மட பாட்டிலை தோயும்."

அந்தக் கிழமையே எங்கள் சந்து ஒழுங்கையில், எங்களுக்குக் கீழ்மாடியில், ஒரு அறை எடுத்தீர். கட்டில் வாங்கினீர். பையைப் பிரித்து உடுப்புகளைத் தட்டில் அடுக்கினீர். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இந்த ஊரைக் காக்கிற ரோசாலியா அம்மாவின் படத்தையும் மாட்டினீர். அந்த வேலை நிலைத்தால்தான் அந்தக் கட்டில் நிலைக்கும் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அணியே நிலைக்குமா என்பது ஒருவருக்கும் தெரியாது. வடக்கிலிருந்து கூட வந்த மேலாளர், எந்நேரமும் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு திரிகிற ஒல்லி மனிதர், முதல் நாளே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். சனம் வந்து கதிரை நிரம்பினால் அணி இங்கே. நிரம்பாவிட்டால் சீசன் முடிய வேறு ஊர்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் புதுச் சட்டைகள் வந்தன. வெள்ளை வெளேரென்று, நீல இலக்கம் போட்டு, ஒவ்வொன்றும் கட்டில் விரிப்பு அளவில். நான் மடிப்பைப் பிரித்துக்கொண்டு நின்றேன். நீர் உம்முடைய கைப்பைக்குள்ளிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தீர். கபோ சந்தையில் வாங்கின மஞ்சள் தூள். ஒரு சிரட்டையளவு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தீர்.

"புது உடுப்பு, புது ஊர். மஞ்சள் வைக்காமல் என்னெண்டு போடுறது? அவங்களுக்குத்தான் சொல்லிக் குடுக்க ஒரு தாய் தேப்பன் கிட்டடியிலை இல்லை."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினீர். "நீர் வையும்."

"ஏன், கொண்டு வந்தது நீர். குழைச்சது நீர். வைக்கிறதுக்கு மட்டும் நானோ?"

"நான் வைக்கக்கூடாதெல்லே, மச்சாள்."

எனக்கு வந்த கோபம் உமக்கு நினைவிருக்கும். கணவரை இழந்தவள் நல்ல காரியத்துக்குக் கை வைக்கக்கூடாது என்று எங்கள் சனம் பிடித்து வைத்திருக்கிற வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்தவனை நான் கண்டால் அந்தத் தொட்டிக்குள் போட்டு அலசுவேன். கலியாண வீடுகளில் நீர் குசினியில் நின்று எல்லோருக்கும் சமைப்பீர். தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்பீர். நான் எத்தனை தரம் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்! வரமாட்டீர்.

"இஞ்சை பாரும்," என்றேன். "இந்த அறைக்குத் திறப்பு ரெண்டு. ஒண்டு உம்மட்டை, ஒண்டு என்னட்டை. பரமேஸ் மாமியிட்டை இல்லை. வையும்."

நீர் கிண்ணத்தைத் திரும்ப உம்முடைய பக்கம் இழுத்தீர். பிறகு மோதிர விரலால் தொட்டு, முதல் சட்டையின் கீழ்விளிம்பு மூலையில், உட்புறமாக, ஒரு பொட்டு வைத்தீர். அடுத்ததற்கு வைத்தீர். அதற்கப்புறம் உம்மைப் பிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் அடக்கி வைத்த ஆசையெல்லாம் விரலில் இறங்கி, பொட்டு பெரிசாகிப் பெரிசாகிக் கடைசிச் சட்டைகளில் தோசை அளவுக்கு வந்துவிட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நன்றாக இருக்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு மழை பெய்தது. அதுவும் என்ன மழை! கதிரைகளில் குடை பிடித்துக்கொண்டு விளையாட்டுக்காரரின் காதலிமாரும் தோத்தோவின் குடும்பமும் நாங்களும்தான். நமக்கு விளையாட்டு விளங்கவில்லை. பந்து வைத்திருக்கிற பக்கம் நாலு முயற்சிக்குள் பத்து யார் தூரம், அதுதான் பத்துக் கெஜம், முன்னுக்குப் போகவேண்டும் என்று தோத்தோ சொல்லித் தந்தான். நீர் உடனே கணக்குப் பார்த்தீர்.

"பத்து யார் எண்டா ரெண்டு சேலைக்குக் கொஞ்சம் குறையவெல்லோ? அதுக்கு இவ்வளவு அடிபாடோ, கடவுளே!"

நான் சிரித்து முடிக்கமுன் மைதானத்தைப் பார்த்தேன். மழையிலும் வேர்வையிலும் ஊறி, ஒவ்வொருத்தனுடைய இடுப்பிலும் ஒரு மஞ்சள் கறை பரவிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மார்கஸ், எழுபத்திரண்டாம் இலக்கம், வாசலுக்குள் பக்கவாட்டாகத் திரும்பி நுழைகிற மலை, அவனுக்கு வைத்தது கடைசிச் சட்டைகளில் ஒன்று. பின்பக்கம் முழுக்க மஞ்சள். எதிரணிக்காரர் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் தோற்றுப் போனார்கள்.

அறைக்குள் வந்து அவசர அவசரமாக எல்லாவற்றையும் மெஷினுக்குள் தள்ளிச் சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டோம். மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மெஷின் கதவைத் திறந்தபோது வெற்றிலை துப்பின மாதிரிச் சிவப்பு. திருப்பித் திருப்பி அலசினோம். சிவப்புப் போய் மஞ்சள் நின்றது. அது அசையவில்லை. வெளுக்கிற மருந்து போட்டால் நீல இலக்கமும் சேர்ந்து போய்விடும்.

நீர் ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்துவிட்டீர்.

"சொன்னனான் எல்லே. என்ர கை படக்கூடாது எண்டு சொன்னனான். நீர் கேக்கேல்லை."

"உமக்கு விசரே? கையிலை என்ன கிடக்கு? மழை வந்தது, ஊறிப்போச்சு."

"வேறை ஆரும் வைச்சிருந்தா மழை வந்திராது."

"ஓகோ, மழை உம்மட கையைப் பாத்துத்தான் வாறதோ? அப்பிடியெண்டா கோடையிலை உம்மைத் தோட்டக்காரர் தூக்கிக்கொண்டு போயிருப்பினமே!"

நீர் சிரிக்கவில்லை. "செஃபலூவிலை நான் பாத்த சிஞ்ஞோராவின்ர தங்கச்சிக்கு ஆள் தேவையாம். வீட்டோடை தங்கிற வேலை. மகள் ரெண்டு தரம் போன் எடுத்தவ. வாறன் எண்டு சொல்லப்போறன், மச்சாள். என்னாலை இந்தப் பெடியள் தோக்க வேண்டாம்."

 கட்டில் வாங்கி ஒரு மாதம்தான். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நீர் இன்னும் கழற்றவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தார். வாயிலிருந்து வந்ததெல்லாம் வடக்கு இத்தாலியன். எனக்குப் பாதி விளங்கவில்லை, விளங்கின பாதியே போதும். அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு நீலச் சட்டை இருக்கிறது, அதற்கடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு வெள்ளை வெள்ளையாகவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் வரவேண்டாம். நீர் கண்ணைத் துடைத்தீர். தலை நிமிராமலே, உமக்கே சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னீர்.

"சோலே. வெயில். மஞ்சளை வெயில் எடுத்துப்போடும்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டிருக்கும்போதும் உமக்கு வேலை மறக்காது பாரும்! "கேட்டீர்களா? இரண்டு கிழமை வெயில் காட்டினால் சரி" என்று மேலாளரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.

ஆனால் மைதானத்தில் வெயில் காய இடம் இல்லை. வேலியில் போட்டால் துருப்பிடிக்கும். எல்லாவற்றையும் சாக்குகளில் கட்டி பஸ்ஸில் ஏற்றி ஒரேத்தோவுக்குக் கொண்டு வந்தோம். எங்கள் வராந்தாவில் நாலு சட்டை போடத்தான் கொடி இருந்தது. நாற்பதுக்கும் மேலான சட்டைகள்! நீர் சாக்கைக் கட்டிப் பிடித்தபடி திகைத்து நிற்க, எதிர்வீட்டு நாலாம் மாடியிலிருந்து சிஞ்ஞோரா பினா கத்தினார்.

"இதென்ன, மேசை விரிப்பா?"

"சட்டை!" என்றேன்.

"சட்டையா? எந்தப் பூதத்துக்கு?"

நான் கதையைச் சொன்னேன். மேலே நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்க. மஞ்சள் எதற்கு வைத்தது என்பதிலிருந்து மேலாளர் பேசினது வரை. பினா கேட்டுவிட்டுத் தன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிவப்புக் கொம்பைத் தடவிக்கொண்டார். கண்ணூறுக்கு அவர்களுடைய மருந்து அது. "நல்லதுக்காக வைத்ததை நல்ல வெயிலில்தான் எடுக்க வேண்டும்," என்றார். "இரண்டை இங்கே அனுப்புங்கள்." ஒழுங்கைக்குக் குறுக்கே ஓடுகிற கப்பிக் கொடியில் நாம் மாட்டினோம், அவர் இழுத்தார். எழுபத்திரண்டு ஆடி ஆடி நடு ஒழுங்கையைத் தாண்டிப் போனது. அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாடி கேட்டது, பக்கத்து வாசல் கேட்டது. பின்னேரமாகுமுன் ஒவ்வொரு வராந்தாவிலும் ஒன்றோ இரண்டோ வெள்ளைச் சட்டை.

அதற்கப்புறம் ஒழுங்கையில் வேறு கதையே இல்லை. நிழல் விழுந்தால் திருப்பிப் போடுவார்கள். ஷிரோக்கோ காற்று மண் கொண்டு வரும் என்று ரேடியோ சொன்ன அன்று எல்லோரும் ஓடி ஓடி உள்ளே எடுத்தார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஒருவரையொருவர் விசாரிப்பது, "உன்னுடைய பதினெட்டு எப்படி?" "என்னுடைய நாற்பதில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது." சிஞ்ஞோரா பினா தன்னுடைய எழுபத்திரண்டோடு கதைப்பார். உள்ளே இருப்பவனைக் கண்டதே இல்லை, ஆனாலும் அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று என்னிடம் கேட்பார். நீரோ வாசல் வாசலாகப் போய்ச் சட்டைகளை விரலால் தூக்கிப் பார்த்து வந்தீர். செஃபலூக்காரிக்கு ஞாயிறு முடியப் பதில் சொல்வதாகச் சொல்லி வைத்திருந்தீர்.

சனிக்கிழமை சட்டைகளைத் திரும்ப வாங்கப் போனோம். வெயில் முழுக்கத் தின்றுவிட்டிருந்தது. அந்தச் சட்டைகள் பெட்டியிலிருந்து வந்த அன்றுகூட அவ்வளவு வெள்ளை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் மடித்துக் கையில் தரும்போது ஒரே கேள்விதான் கேட்டார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு?

அந்த ஞாயிறை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன். ஸ்தாசியோனே ரயில் நிலையப் பக்கமிருந்து வந்த பஸ் நிற்க, ஒழுங்கை அப்படியே இறங்கியது. பினா கதிரைக்குப் போட மெத்தை கொண்டு வந்தார். ஆரோ வறுத்த கொண்டைக்கடலை கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கூட்டி வந்த அக்காமார், மச்சான்மார், கபோவில் கத்தரிக்காய் விற்கிறவர், அவருடைய மருமக்கள். விளையாட்டு ஒருவருக்கும் தெரியாது. தங்கள் தங்கள் இலக்கத்தைத்தான் பார்த்தார்கள். பதினெட்டு விழுந்தால் மூன்றாம் மாடி எழும்பிக் கத்தும். விளையாட்டுக்காரர் முதலில் பயந்து போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்தார்கள். மேலாளர் போனைக் காதிலிருந்து எடுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆட்டம் முடிகிற நேரம் எதிரணிக்காரன் பந்தைத் தவறவிட்டான். அது அவர்களுடைய கோட்டுக்கு அங்கால் உருண்டது. மார்கஸ் ஓடவில்லை, அவனால் ஓட முடியாது. அப்படியே அதன்மேல் விழுந்தான். அவன் மேல் எல்லோரும் விழுந்தார்கள். குவியலைப் பிரித்துப் பார்த்தால் பந்து எழுபத்திரண்டின் வயிற்றுக்கடியில். நீர் என் கையை நகம் பதியப் பிடித்தீர்.

"இதுக்குப் புள்ளியோ?"

"ஓம், மச்சாள்! வெண்டிட்டம்!"

அவன் எழும்பினான். இடுப்பெல்லாம் சேறு, ஒரு துளி மஞ்சள் இல்லை. தோத்தோ காதில் சொல்லியிருக்க வேண்டும், நேரே நாம் இருந்த பக்கம் வந்தான். கைக்குப் போடுகிற புது உறைகள் இரண்டை நீட்டினான். அடுத்த ஆட்டத்துக்குப் போடப் போகிறவை. அதன் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டி, "ஜாலோ?" என்றான்.

நீர் அவனை நிமிர்ந்து பார்த்தீர். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது உமக்கு. "கொஞ்சமாய் வைக்கிறன் தம்பி," என்றீர், அவனுக்குத் தமிழ் தெரியும் என்ற மாதிரி. "அண்டைக்குக் கூடிப்போச்சு."

அன்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினீர். அந்தச் சத்தம் எங்கள் தரைக்குக் கீழே கரகரவென்று கேட்டது. நானும் உம்முடைய அண்ணரும் தேத்தண்ணியோடு இருந்து கேட்டோம். அதற்குப் பிறகுதான் செஃபலூவுக்குப் போன் எடுத்து, வரமாட்டேன், எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னீர்.

அந்தச் சீசனில் அணி வென்றதைவிடத் தோற்றது கூட. ஆனால் கதிரைகள் நிரம்பின. ஒழுங்கை அடுத்த ஒழுங்கைக்குச் சொல்லியது. நாம் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் சட்டைகளை வீடு வீடாகக் காயக் கொடுத்தோம், கறை இல்லாவிட்டாலும்தான். தங்கள் இலக்கம் வராவிட்டால் கோபித்துக்கொள்கிற சனம் அது. சீசன் முடிவில் மேலாளர் அறைக்கு வந்து, அடுத்த வருடமும் இங்கேதான் என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தன் புதுச் சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார். அதற்கும் வைத்தீர்.

பிறகு எங்கள் மகளின் கலியாணம் வந்தது. கூறைச்சேலையைத் தட்டில் வைத்து மஞ்சள் கிண்ணத்தை எடுத்தபோது நான் உம்மைக் கூப்பிடவில்லை. இழுக்கவும் இல்லை. நீரே வந்தீர். நீரே மோதிர விரலால் தொட்டு முந்தானை மூலையில் வைத்தீர், கடுகளவு.  பரமேஸ் மாமி தொண்டையைச் செருமினார்.

"அவ வைக்கலாமோ? பிள்ளையின்ர வாழ்க்கையெல்லே?"

நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சொன்னீர்.

"எழுபத்திரண்டாம் நம்பரிட்டைக் கேளுங்கோ, மாமி."

"அது ஆர்?"

வாசலில் வேட்டி சுற்றளவு போதாமல் தவித்துக்கொண்டு நின்ற மார்கஸைக் காட்டினீர். வீடே கொல்லென்று சிரித்தது. மாமிக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தாலி கட்டும்போது நீர் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை, என் பக்கத்தில் நின்றீர். அந்தப் படத்தைத்தான் இப்போது பெரிசாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

தை மாதம் ஒரு காலை நீர் வேலைக்கு இறங்கி வரவில்லை. நான் மற்றத் திறப்பால் கதவைத் திறந்தேன். உம்முடைய சொந்தக் கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு கிடந்தீர். இதயம் நின்றுவிட்டது என்றார் டொக்டர். உம்மைக் கூப்பிட அன்று எந்த மணியும் அடித்திருக்கவில்லை. அதை நினைத்துத்தான் நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை, மச்சாள். உண்மையைச் சொல்கிறேன், இந்த அறையில் மெஷின் ஓடி முடிகிற ஒவ்வொரு தரமும் திரும்பி உம்மைத் தேடுகிறேன்.

உம்மைக் கொண்டு போன அன்று ஒழுங்கை முழுக்க வெள்ளைச் சட்டை தொங்கியது. ரசிகர்கள் போடுகிற சட்டைகள், அவரவர் இலக்கம் போட்டவை. ஆரும் சொல்லிச் செய்யவில்லை. பினா ஒரு கையில் செபமாலையும் மறுகையில் கப்பிக் கயிறுமாக நின்றார். இப்போது ஆட்டத்தை விட்டுப் பயிற்சி கொடுக்கிற மார்கஸ் உம்மைத் தூக்கினவர்களில் ஒருவன். தோள் உயரம் மற்றவர்களோடு ஒத்துவராமல் முழங்கால் மடக்கியே நடந்தான்.

இதுதான் இவ்வளவு நாளும் நடந்தது. உமக்குத் தெரிந்ததையே உமக்கு எழுதியிருக்கிறேன். எழுதி முடியும்போது தோத்தோ திரும்பவும் வாசலில் வந்து நிற்கிறான். போன் அடித்தது. பரமேஸ் மாமி.

"பிள்ளை, நான் சொன்னது நினைவிருக்கெல்லே? துடக்கோடை வைச்சால் அந்தப் பெடியளுக்குக் கூடாது."

"ஓம் மாமி, நினைவிருக்கு."

"அப்ப வைக்க மாட்டியெல்லே?"

"எழுபத்திரண்டிட்டைக் கேளுங்கோ, மாமி," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஒலிவ் போத்தலை இறக்கினேன். தூளில் உம்முடைய கரண்டி அப்படியே கிடக்கிறது. தண்ணீரைக் குறைத்துக் குழைத்து, மோதிர விரலால், கீழ்விளிம்பின் உள்மடிப்பில் கடுகளவு வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். தோத்தோ ஒவ்வொரு சட்டையாகப் பிடித்துத் தந்தான். எழுபத்திரண்டை இந்தச் சீசன் புதுசாக ஒருத்தன் போடுகிறான். அதற்கு மட்டும் கொஞ்சம் பெரிசாக வைத்துவிட்டேன். உம்முடைய கை.

ஞாயிறு மழை பெய்யும் என்று ரேடியோ சொல்கிறது. பெய்யட்டும், மச்சாள். ஒழுங்கையில் துணிக்கொடி கட்டியாகிவிட்டது.